பிரேக் மாற்றியபின் எழும் ஒலியும் நடுக்கமும்

காரின் பிரேக் பேட், டிஸ்க், பிரேக் ஷூ ஆகியவற்றைப் புதிதாக மாற்றிய பிறகு பிரேக் மிதிக்கும்போது கிறீச்சொலியோ உரசலோ கேட்பதும், ஸ்டீரிங் அல்லது பெடல் நடுங்குவதும் பரவலாகக் காணப்படும் குறைகளாகும். இவற்றுள் சில, புதிய பாகம் பழகும்வரை இருந்து தாமே மறைபவை. சில, பொருத்திய முறையில் நேர்ந்த பிழையைக் காட்டுபவை. மிகச் சில, வண்டியை உடனே நிறுத்தியாக வேண்டியவை. குறை தெரிந்ததும் புதிய பாகமே மட்டம் என்று முடிவு செய்து இன்னொரு சோடி டிஸ்க் வாங்கிப் போடுவது வழக்கமாக இருக்கிறது. பிழை பெரும்பாலும் டிஸ்க்கில் இல்லாமல் அது உட்காரும் இடத்தில் இருப்பதால், இரண்டாவதாகப் போட்ட டிஸ்க்கும் சில மாதங்களில் அதே நடுக்கத்தைத் தருகிறது.

இக்கட்டுரை, முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் கொண்ட சிறிய காரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பு உடையவை.

டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டை இருபுறமும் இரண்டு பேட்கள் கவ்விப் பிடிக்கின்றன. பேட்களைத் தாங்கி அழுத்தும் அமைப்பு காலிப்பர் எனப்படும். சிறிய கார்களில் காலிப்பரின் ஒரு பக்கம் மட்டுமே பிஸ்டன் இருக்கும். அது உள்பக்கப் பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும்போது, காலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்களின்மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பக்கப் பேடையும் இழுத்து அழுத்துகிறது. டிஸ்க்கும் சக்கரமும் எதன்மேல் வைத்து முடுக்கப்படுகின்றனவோ அந்த மையப் பாகம் ஹப். பிரேக் குறைகளைப் பற்றிப் பேசும்போது பலரும் மறந்துவிடும் பாகமும் அதுவே.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

பிரேக் வேலை முடிந்து வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கியதும், நகர்த்துவதற்கு முன்பே பெடலைப் பலமுறை மிதித்துப் பார்க்க வேண்டும். தடிமனான புதிய பேட்களுக்கு இடம் கொடுப்பதற்காகப் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருக்கும். எனவே முதல் மிதியில் பெடல் தரைவரை போய்விடும், பிரேக் பிடிக்காது. சில முறை மிதித்ததும் பெடல் கெட்டியாகிவிட வேண்டும். அதன் பிறகும் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது எங்காவது பிரேக் ஆயில் கசியலாம். அந்த நிலையில் பட்டறைவரை கூட ஓட்டிச் செல்லக் கூடாது.

இரும்போடு இரும்பு அரைபடும் கரகரவென்ற ஒலி, பிரேக் மிதிக்கும்போதெல்லாம் கேட்டால் அதைப் பழகும் ஒலி என்று விட்டுவிட முடியாது. பேட் ஒன்று திருப்பிப் பொருத்தப்பட்டு, அதன் முதுகுத் தகடு டிஸ்க்கை உரசுவது இதற்கு ஒரு காரணம். இப்படியும் நடக்குமா என்று தோன்றும். அவசரத்தில் செய்யும் பட்டறைகளில் நடக்கத்தான் செய்கிறது. சில கிலோமீட்டரிலேயே புதிய டிஸ்க் வரிவரியாகக் கீறப்பட்டுவிடும்.

சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப ‘டக் டக்’ என்று தட்டும் ஒலியும், பிரேக் மிதிக்காதபோதும் ஸ்டீரிங்கில் ஆட்டமும் சேர்ந்து வந்தால் வீல் நட்டுகள் சரியாக முடுக்கப்படவில்லை என்று பொருள்படலாம். பிரேக் வேலைக்காகச் சக்கரம் கழற்றி மாட்டப்பட்டிருப்பதால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். வண்டியை ஓரங்கட்டி அங்கேயே நட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். சக்கரம் மாட்டி ஏறத்தாழ 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை இன்னொரு முறை முடுக்கிப் பார்ப்பது நல்லது.

சிறிது தொலைவு ஓடியபின் நான்கு சக்கரங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருப்பது, கருகிய வாடை வருவது, வண்டி ஒரு பக்கம் இழுப்பது ஆகியவை அந்தச் சக்கரத்தின் பிரேக் விடுபடாமல் பிடித்தபடியே ஓடுவதைக் காட்டும். சூட்டை அறியக் கையைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோனால் போதும்; டிஸ்க்கைத் தொடக் கூடாது. ஸ்லைடு பின் இறுகியிருப்பதோ, துருப்பிடித்த பிஸ்டன் பின்வாங்காமல் நிற்பதோ காரணமாக இருக்கும். இப்படியே ஓட்டினால் பிரேக் ஆயில் கொதித்து, தேவையான நேரத்தில் பெடல் வெறுமனே உள்ளே போய்விடும்.

கிறீச்சொலி

கரும்பலகையில் சுண்ணக்கட்டியை ஒரு குறிப்பிட்ட சாய்வில் பிடித்து எழுதும்போது பல்லைக் கூசவைக்கும் ஒலி எழும். சுண்ணக்கட்டி பலகையோடு ஒட்டி, விடுபட்டு, மீண்டும் ஒட்டி என்று நொடிக்குப் பல நூறு முறை துள்ளுவதால் வரும் ஒலி அது. பிடிக்கும் சாய்வை மாற்றினாலோ கட்டியை இரண்டாக உடைத்தாலோ பெரும்பாலும் நின்றுவிடும். பிரேக்கின் கிறீச்சொலியும் இவ்வாறே பிறக்கிறது. பேட் டிஸ்க்கின்மேல் ஒட்டி விடுபடும்போது பேட், காலிப்பர், டிஸ்க் ஆகிய மூன்றும் சேர்ந்து மணிபோல் அதிர்கின்றன. இந்த அதிர்வு பெரும்பாலும் நொடிக்கு 1,000 முறைக்கு மேல் இருக்கும். வண்டியின் வேகம் குறைந்தாலும் கிறீச்சொலியின் சுருதி பெரிதாக மாறுவதில்லை. அதைத் தீர்மானிப்பது பாகங்களின் இயல்பான அதிர்வெண்.

இந்தத் தொல்லை டிஸ்க் பிரேக்கைப் போலவே பழையது. 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்ற ஆங்கிலேயப் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர், தேயும் பகுதியைச் செம்பினால் செய்திருந்தார். அது எழுப்பிய இரைச்சல் தாங்க முடியாததாக இருந்தது. ஹெர்பர்ட் ஃபுரூட் கல்நார் கலந்த உராய்வுப் பொருளைக் கொண்டுவந்த பிறகே அது அடங்கியது. கல்நார்த் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பது பின்னாளில் தெரியவந்தது. பழைய வண்டிகளின் பிரேக்கில் அது இன்னும் இருக்கக்கூடும் என்பதால், எந்தப் பிரேக்கின் தூசையும் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

ஒலி இயல்பாகவே அதிர்விலிருந்து வருவதால், அதை அடக்கும் வழியும் அதிர்வைத் தணிப்பதே. பேட்டின் முதுகில் ஒட்டப்படும் மெல்லிய தகடு, காலிப்பர் தாங்கியில் செருகப்படும் கிளிப்புகள், பேட்டின் ஓரங்களைச் சாய்வாகச் சீவுவது எல்லாம் இதற்காக ஏற்பட்டவை. பழைய கிளிப்பு துருவேறி நெளிந்திருந்தாலும் அதையே மீண்டும் மாட்டுவது, முதுகுத் தகட்டைத் தேவையற்றது என்று கழற்றி எறிவது, ஸ்லைடு பின்னைத் துடைத்துப் புதிய கிரீஸ் வைக்காமல் விடுவது ஆகிய மூன்றும் பிரேக் மாற்றியபின் கிறீச்சொலி எழ அடிக்கடி காரணமாகின்றன. வைக்கும் கிரீஸும் எதுவாக வேண்டுமானாலும் இருக்க முடியாது. சாதாரண கிரீஸ், பின்களின் ரப்பர் உறையை ஊதச் செய்து பின்னையே இறுக்கிவிடும். அதிக வெப்பம் தாங்கும் சிலிகோன் கிரீஸ் போன்ற, பிரேக்குக்கென்றே விற்கப்படும் வகையை மெல்லியதாகப் பூச வேண்டும். பேட் டிஸ்க்கைத் தொடும் முகத்தில் எந்தப் பிசுக்கும் படக் கூடாது. ஒலியை நிறுத்த டிஸ்க்கில் எண்ணெய் விடச் சொல்லும் யோசனை சில இடங்களில் இன்னும் காதில் விழுகிறது. ஒலி நிற்கும், பிரேக்கும் நிற்கும்.

பேட்டின் கலவையையும் பார்க்க வேண்டும். இரும்பு நார் அதிகம் கலந்த பேட்கள் சூட்டைத் தாங்கும், ஆனால் சற்று ஒலி எழுப்பும். செராமிக் வகை அமைதியானது, விலை கூடுதல். முன்பு இருந்த வகைக்குப் பதில் வேறு வகை போடப்பட்டிருந்தால், எல்லாம் சரியாக இருந்தும் மெல்லிய ஒலி நீடிக்கலாம்.

பழைய டிஸ்க்கை வைத்துக்கொண்டு பேட் மட்டும் மாற்றும்போது வேறு ஒரு சிக்கல் எழும். பழைய பேட் தேய்த்த இடம் பள்ளமாகி, டிஸ்க்கின் வெளி ஓரம் கரைபோல் உயர்ந்து நிற்கும். புதிய பேட்டின் ஓரம் அந்தக் கரையின்மேல் ஏறி உட்கார்ந்தால் உரசலும் ஒலியும் உறுதி. டிஸ்க்கை லேத்தில் கடைந்து சமப்படுத்தலாம். ஆனால் கடைந்தபின் மிஞ்ச வேண்டிய மிகக் குறைந்த தடிமன் டிஸ்க்கின்மேலேயே மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போகுமானால் மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

வேறு சில ஒலிகள் எளிதில் பிரித்தறியக்கூடியவை. மழை இரவு கழிந்த காலையில் முதல் சில மிதிகளுக்கு மட்டும் கேட்கும் உரசல், வார்ப்பிரும்பின்மேல் படிந்த மெல்லிய துருவினால் வருவது. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பிரேக் மிதித்தாலும் விட்டாலும் தொடரும் சன்னமான தகர ஒலி, டிஸ்க்கின் பின்னால் இருக்கும் தூசுத் தகடு வேலையின்போது வளைந்து உரசுவதாலோ இடையில் சிறு கல் சிக்கியதாலோ வரும். முன்னே ஓட்டும்போது பிரேக் மிதித்து, பிறகு பின்னே எடுக்கையில் மிதிக்கும்போது ஒருமுறை மட்டும் ‘டக்’ என்றால், பேட் தன் இருக்கையில் தளர்ந்து நகர்கிறது. சில பேட்களில், தேய்ந்து மெலிந்ததும் டிஸ்க்கைத் தொட்டுக் கத்தி எச்சரிக்க ஒரு வளைந்த தகடு உண்டு. உள்பக்க, வெளிப்பக்கப் பேட்கள் இடம் மாறினாலோ அந்தத் தகடு நெளிந்தாலோ, புதிய பேட்டிலேயே அது கத்தத் தொடங்கிவிடும்.

எந்தச் சக்கரம் ஒலிக்கிறது என்று தெரியாவிட்டால், கண்ணாடிகளை இறக்கிவிட்டு நீண்ட மதிற்சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். சுவர்ப் பக்கத்து ஒலி எதிரொலித்துத் தெளிவாகக் கேட்கும்.

நடுக்கம்

கிறீச்சொலியைப்போல் இல்லாமல், நடுக்கம் சக்கரத்தின் சுழற்சியோடு கட்டுண்டது. 185/65 ஆர்15 அளவு டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் நகர்கிறது; ஆகவே சக்கரம் நொடிக்குப் 11 முறைக்குச் சற்று மேல் சுற்றுகிறது. டிஸ்க்கில் ஓரிடத்தில் குறை இருந்தால் கைக்கும் நொடிக்குப் பதினொரு உதறல் தெரியும். வேகம் 40க்கு இறங்கும்போது உதறலும் பாதியாகிறது. இப்படி வேகத்தோடு சேர்ந்து குறையும் நடுக்கம் சுழலும் பாகத்தில் இருந்து வருகிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போதே ஸ்டீரிங் ஆடினால் காரணம் பிரேக் அன்று. சக்கரத்தைக் கழற்றியபோது சமநிலைக்காக ஒட்டப்பட்ட ஈயத்துண்டு விழுந்திருக்கலாம், டயர் கோணியிருக்கலாம், வீல் பேரிங் தளர்ந்திருக்கலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டீரிங் ஆடினால் முன்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டீரிங் அமைதியாக இருந்து இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரம். உறுதி செய்ய, ஆளில்லாத நேரான சாலையில் மிதமான வேகத்தில் ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுத்துப் பார்க்கலாம். அது பின்சக்கரங்களை மட்டும் பிடிப்பதால், நடுக்கம் வந்தால் பின் டிரம் கோளாறு. மணல் படிந்த சாலையிலோ மழையிலோ பிரேக்கை அழுந்த மிதிக்கும்போது பெடல் வேகமாக அடித்துக்கொள்வது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வதாகும். ஆனால் உலர்ந்த சாலையில் மெதுவாக நிறுத்தும்போதே அது துடித்தால், வேலையின்போது சக்கர வேக உணரியோ அதன் கம்பியோ அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நடுக்கம் எப்போது தொடங்கியது என்பது மிக முக்கியமான கேள்வி. மாற்றிய அன்றே தொடங்கியிருந்தால் நட்டு முடுக்கம், டிஸ்க்கின் மேல் பாதுகாப்புக்காகப் பூசியிருந்த எண்ணெய் துடைக்கப்படாதது, டிஸ்க்கிலேயே உள்ள உற்பத்திக் குறை போன்றவை காரணம். முதலில் வெண்ணெய்போல் நின்று, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு நடுக்கம் தலைகாட்டினால் கதை வேறு.

ஹப்பும் டிஸ்க்கும்

“டிஸ்க் வளைந்துவிட்டது” என்பது இத்தகைய நடுக்கத்துக்குப் பட்டறைகளில் சொல்லப்படும் வழக்கமான விளக்கம். சூட்டினால் டிஸ்க் நெளிவது அரிது. பந்தயக் கார்ப் பொறியாளரும் நூலாசிரியருமான கேரல் ஸ்மித் இதை ஒரு கட்டுக்கதை என்றே எழுதினார். அவர் காட்டிய காரணம், பேட்டின் பொருள் டிஸ்க்கில் சீரற்றுத் திட்டுத்திட்டாகப் படிவது. அன்றாடக் கார்களில் அதற்கு இணையாக இன்னொரு காரணமும் செயல்படுகிறது. டிஸ்க் தட்டையாகவே இருந்தும் ஹப்பின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருப்பதே அது.

ஹப்பின் முகத்தில் பழைய துருவின் செதில் ஒன்று 0.05 மி.மீ. தடிமனில் ஒட்டியிருப்பதாகக் கொள்ளலாம். இது மெல்லிய தலைமுடி ஒன்றின் தடிமன். ஹப்பின் விட்டம் 130 மி.மீ. என்றும், பேட் உரசும் வட்டத்தின் விட்டம் 240 மி.மீ. என்றும் வைத்துக்கொண்டால், அந்தச் சாய்வு டிஸ்க்கின் ஓரத்தில் ஏறத்தாழ 0.09 மி.மீ. ஆட்டமாகப் பெரிதாகிறது. பல கார்களுக்கு அனுமதிக்கப்படும் ஆட்டம் 0.05 முதல் 0.10 மி.மீ. வரைதான். துடைக்காமல் விட்ட ஒரு செதிலே அந்த அளவைத் தின்றுவிடுகிறது.

இந்த ஆட்டம் முதல் நாளில் கைக்குத் தெரியாது. காலிப்பர் பின்களின்மேல் அசைந்து அதோடு இணங்கிப் போகும். ஆனால் பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும் டிஸ்க்கின் துருத்திய பகுதி, ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை பேட்டை லேசாக வருடிச் செல்கிறது. 1,000 கி.மீ. ஓடுவதற்குள் சக்கரம் 5 லட்சம் முறைக்கு மேல் சுற்றிவிடும். அத்தனை வருடலிலும் அந்த இடம் மட்டும் தேய்ந்து டிஸ்க்கின் தடிமன் ஓரிடத்தில் ஒருவிதமாக, வேறிடத்தில் வேறுவிதமாக ஆகிறது. தடிமன் மாறும்போது பேட் தள்ளப்பட்டு, பிஸ்டன் வழியாகப் பெடலும் துடிக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு வேறுபாடே ஓட்டுநருக்கு நடுக்கமாகத் தெரியப் போதும். அதற்குள் சில மாதங்கள் ஆகிவிடுவதால், பழி டிஸ்க் தயாரித்தவர் மேல் விழுகிறது. ஹப்பைத் துடைக்காதவர் அதே ஹப்பின்மேல் இன்னொரு டிஸ்க்கை மாட்டிக் கூலியும் வாங்கிக்கொள்கிறார்.

சரியான வேலை எளியது, சில நிமிடம் பிடிக்கும். பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தையும் போல்ட்டுகளைச் சுற்றியுள்ள பகுதியையும் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். புதிய டிஸ்க்கை வைத்து, சக்கரம் இல்லாமலே நட்டுகளை வாஷரோடு சமமாக முடுக்கி, டயல் கேஜைப் பொருத்திக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆட்டம் எவ்வளவு என்று முள் காட்டிவிடும். அளவு மீறினால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு துளை தள்ளி மாட்டிப் பார்க்கலாம். ஹப்பின் சாய்வும் டிஸ்க்கின் சாய்வும் ஒன்றையொன்று ஈடுசெய்து ஆட்டம் குறைவது உண்டு. எப்படி மாற்றினாலும் குறையவில்லை என்றால் ஹப்பையோ வீல் பேரிங்கையோ சந்தேகிக்க வேண்டும்.

கடைசியாகச் சக்கரத்தை மாட்டும் முறை. ஏர் கன்னால் ஒரு நட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் டிஸ்க் ஒரு பக்கமாக இழுபட்டு உட்காரும். எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றுகளாக, இறுதியில் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். சிறிய கார்களுக்கு இது பொதுவாக 80 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். குறிப்பிட்ட காருக்கான அளவு அதன் கையேட்டில் உண்டு.

பழக்குதல்

புதிய பேட்டும் டிஸ்க்கும் முழுப் பரப்பிலும் பொருந்தி, பேட்டின் பொருள் டிஸ்க்கின்மேல் சீரான மெல்லிய படலமாகப் படிய வேண்டும். அதற்கு, போக்குவரத்து இல்லாத சாலையில் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாக மிதித்துக் குறைத்து, அரை நிமிடம் ஓடவிட்டு, மீண்டும் செய்ய வேண்டும். எட்டு பத்து முறை போதும். முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடித்திருக்கக் கூடாது. சூடான டிஸ்க்கில் பேட்டின் உருவமே அச்சுப்போல் பதிந்துவிடும். பேட் தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதுவே பின்பற்றத் தக்கது. அதன் பிறகும் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு அவசியமின்றி அழுந்த மிதிக்காமல் ஓட்டுவது நல்லது. இந்தக் காலத்தில் வரும் மெல்லிய கிறீச்சொலியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பழகாத பேட்களோடு மலைப்பாதையில் இறங்குவது நடுக்கத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் பெடலை மிதித்தபடியே இறங்கினால், டிஸ்க்கில் திட்டாகப் படிந்த இடங்கள் மற்ற இடங்களைவிட அதிகம் சூடேறும். சூடு மிகும்போது வார்ப்பிரும்பின் அந்தப் பகுதி சிமென்டைட் என்னும் மிகக் கடினமான இரும்புக் கார்பைடாக மாறுகிறது. அதை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க முடியாது; லேத்தில் கடைந்தாலும் சில வேளை ஆழத்தில் மிச்சம் நின்று நடுக்கம் திரும்பும். சூடு அந்த அளவுக்குப் போகாமல் வெறும் படிவாக மட்டும் இருந்தால், மேற்சொன்ன பழக்கும் முறையை மீண்டும் ஒருமுறை செய்தாலே பெரும்பாலும் நீங்கிவிடும். புதிய டிஸ்க் வாங்கும் முன் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பது தகும்.

பின்சக்கர டிரம்

பிரேக் ஷூ மாற்றியபின் டிரம்மில் எழும் கிறீச்சொலிக்கு, ஷூ உரசி நகரும் தாங்கித் தகட்டின் மேடுகளில் கிரீஸ் இல்லாததும், உள்ளே தேங்கிய தூசும் பெரும்பாலும் காரணம். டிரம்மின் உள்விளிம்பில் உயர்ந்த கரை இருந்தால் புதிய ஷூ அதில் இடிக்கும். டிரம் வட்டம் கெட்டு முட்டை வடிவானால் இருக்கை அதிரும். டிரம்மின்மேல் பொறித்துள்ள மிக அதிக உள்விட்டத்தைத் தாண்டாமல் கடைந்து சரிசெய்யலாம். ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்யும் பல்சக்கரமும் திருகும், இடது வலது சக்கரங்களுக்கு வெவ்வேறாக அமைந்தவை. இவை இடம் மாறினால் ஷூ தேயத்தேய இடைவெளி நிரம்பாமல் பெடல் நாளுக்கு நாள் கீழே போகும். ஹேண்ட் பிரேக் கம்பி அதிகம் இழுத்துக் கட்டப்பட்டிருந்தால் பின்சக்கரம் சுடுவதும், அதனால் டிரம் வட்டம் கெடுவதும் உண்டு. ஷூ மாற்றியதும் பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தால், அது தடையின்றிச் சுற்றுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.